ஆஃப்ஷோர் இருக்கும்மா

என் மகள் ஃபோனை எடுக்காத நாட்களில் எல்லாம் திண்டுக்கல்லில் நல்ல வெயில் அடித்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. வேறு ஒருத்தியாக இருந்தால் கண்டுபிடித்தே இருக்க மாட்டாள். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பரீட்சை ஹாலில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவனைவிட, தலையே தூக்காமல் எழுதுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் அவனிடம்தான் பிட்டு இருக்கும்.

நாகல் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாளுக்கு ஒரு கோடு, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம், மழை பெய்த நாளுக்கு ‘ம’. மழையைக் குறிப்பது வீட்டுக்காரருக்காக. அவருக்குச் சித்தையன்கோட்டைப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு, சின்ன வெங்காயம் போடுவார். ஒரே மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போன பிறகு நானாக ஒரு எழுத்தைச் சேர்த்தேன். ‘எ’. எடுக்கவில்லை என்று அர்த்தம். தினமும் காலை ஆறு மணிக்கு, மாதா கோவில் பூசைக்குக் கிளம்பும் முன்னால் அவளைக் கூப்பிடுவேன். எடுத்தால் சரி. எடுக்காமல் பத்து மணிக்கு மேல் அவளாகக் கூப்பிட்டால் அந்த நாளுக்கு ‘எ’ விழும்.

ஒரு ஐப்பசியில் காப்பி டம்ளரோடு காலண்டர் முன்னால் நின்றேன். அந்த மாதம் முழுக்க வங்காள விரிகுடாவில் ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. காற்றழுத்தம் என்றார்கள், புயல் என்றார்கள், வலுவிழந்தது என்றார்கள். கன்னியாகுமரிப் பக்கம் அது நின்றால் எங்களுக்கு நாள் முழுக்க மழை. சென்னையைத் தாண்டி ஆந்திராப் பக்கம் ஏறிவிட்டால் எங்கள் மேகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகி, வறட்டுக் காற்றும் வெயிலுமாக மண்டையைப் பிளக்கும். இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தெரிந்தது வேறு. ‘ம’ இருந்த கட்டம் ஒன்றில்கூட ‘எ’ இல்லை. புயல் வடக்கே போய் இங்கே வெயில் அடித்த நாட்களில் வரிசையாக எ, எ, எ.

புயலுக்கும் என் மகளுக்கும் என்ன சம்பந்தம்?

கேட்டேன். விடுவேனா? “காலைல எங்கடி போற?” என்றால் எப்போதும் ஒரே பதில்தான் வரும்.

“ஆஃப்ஷோர் இருந்துச்சும்மா.”

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறது. ஆன்சைட் என்றால் அமெரிக்கா போவது, ஆஃப்ஷோர் என்றால் அமெரிக்காக்காரன் வேலையை இங்கே உட்கார்ந்து பார்ப்பது. இது தெரியாத தாய் நாகல் நகரில் கிடையாது. அவனுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி, அதனால் விடியற்காலையில் வேலை. சரி என்று விட்டேன். பெருமையாகவும் இருந்தது. கோவில் வாசலில் யாராவது விசாரித்தால் “அவளுக்கு ஆஃப்ஷோர், பாவம், தூக்கமே இல்ல” என்று சொல்லியிருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அமெரிக்காக்காரன் புயல் வடக்கே போனால்தான் வேலை கொடுப்பானா என்று நான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு அவள் ஊருக்கு வந்தாள். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளை, வெங்காயம் பிடுங்குகிற பெண்களைவிடக் கறுத்திருந்தாள். முடி செம்பட்டை பாய்ந்து கரகரவென்று கிடந்தது. முழங்காலில் சிராய்ப்பு. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது பையைத் திறந்தேன். தப்புதான், திறந்தேன். துணிக்கு அடியில் வெள்ளையாக ஒரு கட்டி இருந்தது, தேங்காய் வாசனையோடு. வெளிநாட்டுச் சோப்பு என்று நினைத்து மறுநாள் காலை நான் எடுத்துத் தேய்த்துக் குளித்தேன். நாசமாய்ப் போச்சு! நுரையும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. கை காலெல்லாம் மெழுகு மாதிரி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, சீயக்காய் போட்டும் போகவில்லை. அவளிடம் கேட்கவும் முடியாது, பையைத் திறந்தது தெரிந்துவிடும். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது என் கையும் மெழுகாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று யாரோடோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“மொதல் ரெண்டையும் விட்டுரு. அவசரப்படாத. செட்டுல மூணாவதுதான் நல்லா இருக்கும்.”

கொடிப் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அந்த வருஷம் அவளுக்கு இரண்டு வரன் வந்து, இரண்டையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அவளுக்கும் எவனுக்கோ செட் ஆகிவிட்டது, மூன்றாவது ஆள் அவன்தான், மாடியில் நின்று அவனுக்கே தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேறு எப்படி நினைப்பது? துணியை எடுக்காமலே இறங்கி வந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனிதர் அசையவில்லை.

“பிள்ளய நம்பு. சும்மா நோண்டிக்கிட்டே இருக்காத” என்றார்.

அவர் அப்படி நிதானமாகச் சொன்னதுதான் என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. பெண்ணைப் பற்றி இப்படி ஒரு சேதி சொன்னால் எந்த அப்பன் தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் கேட்பான்?

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழை விஷயத்தில் சித்தையன்கோட்டை வட்டாரத்தில் அவருக்குப் பெரிய பேர். சின்ன வெங்காயத்தைப் பிடுங்கித் தாளோடு வயலிலேயே இரண்டு நாள் காயப்போட வேண்டும். அந்த இரண்டு நாளில் மழை பட்டால் அழுகிவிடும், ஒரு சீசன் உழைப்பு நாறிப் போகும். அதனால் ஐப்பசியில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் “அண்ணே, பிடுங்கலாமாண்ணே?” என்று இவரைத்தான் கேட்பார்கள். இவர் விடிந்ததும் வரப்பில் நின்று மலையைப் பார்ப்பார். மூக்கை உறிஞ்சுவார். “பிடுங்கிப் போடுங்கப்பா” என்பார். அந்த ஒரு வருஷமாக அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பியதில்லை. அதற்கு முன்னால் பாதிக்குப் பாதி தப்பும். அதையும் நான் கவனித்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை.

கார்த்திகை பிறந்ததும் மறுபடி ஒரு புயல். கன்னியாகுமரியா, ஆந்திராவா என்று இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, வடக்கே போகிறது என்று டிவியில் சொன்னார்கள். மழை நின்றுவிட்டது. சிறுமலை அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நாளைக்கு ‘எ’ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திருச்சியில் கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி இறந்துவிட்டாள், போய்விட்டு வருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினேன். இருக்கிற டீச்சரை இறந்ததாகச் சொன்னதற்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தேன், அது வேறு.

விடியும்போது அவள் அறைக் கதவைத் தட்டினேன். கூடத் தங்கியிருக்கிற பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா ஆஃப்ஷோர்னு அஞ்சு மணிக்கே கிளம்பிட்டாங்க ஆன்ட்டி.”

“ஆபீஸ் எங்கம்மா இருக்கு?”

“ஆபீஸா? கோவளம் பீச்சுல இருப்பாங்க ஆன்ட்டி” என்றாள் அந்தப் பிள்ளை, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

விடியற்காலையில் பீச். நான் நினைத்தது சரிதான். ஆட்டோவில் போகும்போதே அவனிடம் என்ன கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

கரையில் மீனவப் பெண் ஒருத்தி படகு நிழலில் டீ விற்றுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் கிடந்த பையில் நான் வாங்கிக் கொடுத்த ஜெபமாலை தொங்கியது.

“இந்தப் பை யாருதும்மா?”

“நீ அந்தப் பொண்ணோட அம்மாவா? மூஞ்சி அப்டியே கீது” என்று சிரித்தாள். “அதோ பாரு, உள்ள.”

கடலைக் காட்டினாள். நான் கரையில் எவனாவது நிற்கிறானா என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். கடலைப் பார்க்கவே இல்லை. பார்த்தேன். அலைகள் ஒவ்வொன்றும் வீட்டுச் சுவர் உயரம் எழுந்து வந்தன. அதற்கும் அப்பால் கறுப்பாக ஏழெட்டுத் தலைகள் மிதந்தன. ஒவ்வொருத்தருக்கும் அடியில், டிவியில் காட்டுவார்களே, அலைமேல் ஏறிச் சறுக்குகிற பலகை ஒன்று. அதில் ஒன்று என் பிள்ளை.

“புயல் நேரத்துல கடல்லயா?” என்றேன்.

“புயலு அந்தாண்ட போயிட்ச்சும்மா. அது வர்றப்ப காத்து கடல்லேர்ந்து தரைக்கு அடிக்கும், அலையெல்லாம் கலங்கிப் பூடும், இவங்க எறங்க மாட்டாங்க. அது வடக்கே போயிட்டா காத்து தரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கும். பாரு, அலை எப்டி நேரா நிக்குது! அதுக்குத்தான் இதுங்க ஆஃப்ஷோரு ஆஃப்ஷோருன்னு குதிக்குங்க.”

ஆஃப்ஷோர்.

“அலை கும்பல் கும்பலா வரும். செட்டுன்னு சொல்லும் உன் பொண்ணு. மொதல் ரெண்டுக்கு ஏறவே ஏறாது, மூணாவதுக்குக் காத்திருக்கும். கெட்டிக்காரப் பொண்ணு.”

நான் அப்படியே மணலில் நின்றேன். அப்போது மகளின் பைக்குள் அவள் ஃபோன் அடித்தது. திரையில் ‘அப்பா’ என்று இருந்தது. எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசிவிட்டார்.

“ஆத்தா, காத்து திரும்பிருச்சா? இங்கன எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காய்ங்க. பிடுங்கிரலாமா?”

அடப்பாவி மனுஷா! மலையைப் பார்ப்பதும் மூக்கை உறிஞ்சுவதும்!

திட்ட வாயெடுத்தேன். அதே நேரம் டீக்காரப் பெண் “வருது வருது” என்றாள். முதல் அலை போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் என் மகள் எழுந்து நின்றாள். ஒரு நொடி நின்றிருப்பாள். அலை மடிந்தது. அவள் இல்லை.

பலகை மட்டும் ஒரு முறை மேலே துள்ளிவிட்டு அதுவும் போய்விட்டது.

எங்கள் பக்கம் கடல் கிடையாது, கிணறுதான். குளத்திலும் கிணற்றிலும் போன பிள்ளைகளுக்காக எத்தனை நாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருப்போம்! மறுநாள் வந்து அட்டெண்டன்ஸில் அந்தப் பேரின் மேல் சிவப்பு மையால் கோடு போடுவது வகுப்பு டீச்சர் வேலை. நான் போட்டிருக்கிறேன். ஒரு முறை இல்லை. அதனால்தான் எட்டு வயதில் இவள் அப்பாவின் கிணற்றில் நீச்சல் பழக வேண்டும் என்று கேட்டபோது அடி ஸ்கேல் முறிகிற வரைக்கும் அடித்தேன். தண்ணீர்ப் பேச்சே அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கிடையாது.

எண்ணத் தொடங்கினேன். எண்ணுவது ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஐந்து எண்ணும்போது செருப்போடு தண்ணீரில் இருந்தேன். எட்டில் புடவை முழங்கால் வரை நனைந்தது. கையில் ஃபோன் “ஆத்தா? ஆத்தா? கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருந்தது. பதினொன்றில் தலை தெரிந்தது. முடியைப் பின்னால் தள்ளினாள். காலில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பலகையைப் பிடித்தாள். சிரித்தாள்! அவ்வளவு தூரத்திலும் அந்தப் பல் தெரிந்தது.

ஃபோனைக் காதில் வைத்தேன்.

“பிடுங்குங்க” என்றேன். “காத்து தரையில இருந்துதான் அடிக்குது.”

அந்தப் பக்கம் சட்டென்று ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் கரையேறி என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் பூசியிருந்த மெழுகில், நான் தேய்த்துக் குளித்த அந்தச் ‘சோப்பின்’ தேங்காய் வாசனை அடித்தது.

“எப்பம்மா வந்த? திருச்சியில சாவுன்னு அப்பா சொன்னாரு?”

“யாரும் சாகல. இங்கதான் ஒருத்தி சாகப் பாத்தா.” கையை ஓங்கினேன். ஆனால் அடிக்க முடியவில்லை. “மீன் பிடிக்கிறவுகளே இன்னைக்குப் படக எறக்கல. உனக்கென்னடி கேடு? நீச்சல் எவன் சொல்லிக் குடுத்தான்?”

“அப்பாதான். நீ சனிக்கிழம ஸ்பெஷல் கிளாஸுக்குப் போவேல்ல, அப்ப.”

இருபது வருஷம்! நான் மற்ற பிள்ளைகளுக்குச் சதவீதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் இரண்டு பேரும் கிணற்றில் இருந்திருக்கிறார்கள்.

“இம்புட்டு நாளா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்க.”

“என்ன பொய்ம்மா சொன்னேன்? ஆஃப்ஷோர்னுதான சொன்னேன்.”

“நா என்ன நெனச்சேன்னு உனக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியும். நா அதத் திருத்தல. அம்புட்டுத்தான்.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “தண்ணின்னு சொன்னா நீ உண்மையைத் தாங்க மாட்டம்மா.”

யோசித்துப் பார்த்தால் எங்கள் மூன்று பேரில் வாய் திறந்து பொய் சொன்னவள் நான் ஒருத்திதான். அந்தக் கோபம் வேறு சேர்ந்துகொண்டது. இன்றோடு இதை விட்டுவிட வேண்டும் என்றேன். முடியாது என்றாள். டீக்காரப் பெண் ஆளுக்கு ஒரு டீ கொடுத்தாள். குடித்து முடித்தபோது கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தோம். போகிற அன்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அறைக்குத் திரும்பி, தலை துவட்டிய பிறகு என்னைக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மாதிரியே, “உள்ளேன் அம்மா” என்று.

ஊருக்கு வந்து வீட்டுக்காரரோடு ஒரு வாரம் பேசவில்லை. வெங்காயம் மட்டும் ஜம்மென்று காய்ந்திருந்தது.

ஆள் ஒருத்தன் இருந்திருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருப்பேன். கடலோடு என்ன பேசுவது? அது இந்த வருஷ ஐப்பசியில்தான் எனக்கு உறைத்தது. புயல் வடக்கே ஏறுகிறது என்று செய்தி வந்தது. “நாளைக்கு ஆஃப்ஷோரும்மா” என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள். காலையில் கண் விழித்தால் பளீரென்று வெயில். வீட்டுக்காரர் இப்போது ஒளிக்காமல் என் முன்னாலேயே அவளிடம் கேட்டு, பிடுங்கச் சொல்லிவிட்டார். வயல் முழுக்கப் பிடுங்கிய வெங்காயம் பரப்பிக் கிடந்தது. சித்தையன்கோட்டைப் பக்கம் அத்தனை பேரும் வெயிலுக்கு வேண்டிக்கொண்டு இருந்தார்கள். நான் பூசையில் முழந்தாளிட்டு மழைக்கு வேண்டினேன். இங்கே மழை பெய்தால் அங்கே காற்று மாறும், அவள் இறங்க மாட்டாள். எங்கள் வெங்காயம் அழுகினால் அழுகட்டும் என்று மாதாவிடம் வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

மழை வரவில்லை. எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. காலண்டர் முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பதரை. இட்லி ஆறிப் போனது. வீட்டுக்காரர் சாப்பிட உட்காராமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். அவருக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பது ஐம்பதுக்கு ஃபோன் அடித்தது.

“உள்ளேன் அம்மா.”

மூச்சு வந்தது. அடுத்த நொடியே காது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ இரைந்தது. எழும்பி, மடிந்து, சற்று நின்று, மறுபடியும் எழும்பியது.

“எங்கடி இருக்க?”

“ரூம்லம்மா.”

“பின்னால என்ன சத்தம்?”

நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்கு இரைச்சல் பெரிதாக வந்தது.

“ஃபேன்மா” என்றாள்.

அவள் என்னிடம் வாய் திறந்து சொன்ன முதல் பொய் அது. கரையில் நிற்கிறாள், தலைகூடத் துவட்டவில்லை, அடுத்த செட்டுக்குத் திரும்ப இறங்கப் போகிறாள். அத்தனையும் எனக்குத் தெரிந்தது. கேட்டால் திணறுவாள், இன்னும் ஒரு கேள்வி போட்டால் மாட்டிக்கொள்வாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த இடத்தில் நான் யாரையும் விட்டதில்லை.

“சரி. சாப்பிட்டுட்டு அப்புறமா ஒரு தரம் கூப்பிடு” என்றேன்.

“ம்” என்றாள். ஃபோனைக் கையால் பொத்தினாள் போல, இரைச்சல் அமுங்கியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“என்னவாம்?” என்றார் வீட்டுக்காரர்.

“ரூமுக்கு வந்துட்டாளாம். நீங்க சாப்பிடுங்க.”

அவர் உட்கார்ந்தார். நான் இட்லியை வைத்துவிட்டுக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் ‘உ’ என்று எழுதினேன். பிறகு பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த அழைப்புக்காக அங்கேயே நின்றேன்.